வெளுத்துப்போன படமும் உடையாத வளையலும்

*கர்ப்பகாலத்தின் ஞாபகங்களைக் காப்பாற்றி வைக்க இன்றைய தாய்மார் கையாளும் வழிகளும், நம் பாட்டிமார் கையாண்ட வழிகளும்: ஒரு சிறப்புக் கட்டுரை*

சென்னை மேற்கு மாம்பலத்தில், மாடிப்படி ஏறியதும் இடப்புறம் இருக்கும் ஒரு சிறிய வீடு. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பள்ளிக்கூடத்தில் 'என் கதை' என்று ஓர் அட்டை தயாரித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், பிறப்பதற்கு முன்னாலிருந்தே தொடங்க வேண்டுமாம் என்று நான்காம் வகுப்புப் படிக்கும் பெண் வந்து நின்றதும், அவளுடைய தாயார், எனக்குச் சிற்றப்பா மகள், பெருமையோடு பீரோவைத் திறந்து மேல்தட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை முடிவுகள், இரும்புச்சத்து மாத்திரைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுகள், தடுப்பூசி போட்ட தேதிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில், வேறு எந்தக் காகிதத்தோடும் உரசிவிடக் கூடாது என்று தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போற்றி வைத்திருந்த முதல் ஸ்கேன் படம் வெளியே வந்தது.

வெறும் காகிதமாக வந்தது. ஓரத்தில் பேனாவினால் எழுதிய தேதி மட்டும் பளிச்சென்று இருந்தது. நடுவிலோ, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிவது போலவும் தெரியாதது போலவும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். "இதிலே நான் எங்கேம்மா இருக்கேன்?" என்று குழந்தை கேட்டபோது, அந்தத் தாய் விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் காகிதத்தின் மேலேயே சிறிது நேரம் அசைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாய் அதே தட்டின் மூலையிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கினாள். அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய ஐந்து கண்ணாடி வளையல்கள், மூன்று பச்சை, இரண்டு சிவப்பு. அவற்றோடு, காய்ந்து இறுகிக் கம்பிபோல் ஆகிவிட்ட ஒரு வேப்பங்காப்பு. வளைகாப்பன்று போட்டவை. குழந்தை அவற்றை வாங்கித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கையை ஆட்டினாள். சத்தம் அப்படியே இருந்தது.

கண்டதையெல்லாம் படம் பிடித்துச் சேமித்துக்கொள்ளும் சாதனம் ஒவ்வொருவர் கையிலும் வந்துவிட்ட இந்தக் காலத்தில், ஒரு ஸ்திரீயின் வாழ்வில் மிகப் பெரிய மாறுதலான அந்தப் பத்து மாதங்களின் ஞாபகம் மட்டும் எப்படி இவ்வளவு எளிதாக நழுவிப்போகிறது என்ற கேள்வி அன்று என் மனத்தில் எழுந்தது. அதற்குப் பின் பல வீடுகளில் கேட்டும், பல பெட்டிகளைத் திறந்து பார்த்தும் சேகரித்தவையே இக்கட்டுரை.

### படம் ஏன் மறைந்தது?

ஸ்கேன் அறைகளில் உடனுக்குடன் அச்சாகி வரும் படம் பெரும்பாலும் மையினால் அச்சிடப்படுவதன்று. பஸ் டிக்கெட்டும் ஏ.டி.எம். ரசீதும் அச்சாகும் அதே வகை, சூடுபட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுள்ள வெப்பக் காகிதத்தில் அது உருவாகிறது. சூட்டினால் பிறந்த படம் சூட்டினாலும் வெயிலினாலும் எண்ணெய்ப் பிசுக்கினாலும் கெட்டுப்போகிறது. நம்மில் பலர் பத்திரம் என்று நம்பி அதைச் செருகி வைக்கும் மலிவான பிளாஸ்டிக் உறைகளிலுள்ள ரசாயனங்களே அதை வெளுக்கச் செய்யவும் கூடும் என்பதுதான் மனத்தை வருத்தும் விஷயம். என் தங்கை எந்த அன்பினால் அதை உறையிலிட்டாளோ, அந்த அன்பே படத்துக்குச் சத்துருவாயிற்று.

> ஸ்கேன் படத்தைக் காப்பாற்ற
>
> வீட்டுக்கு வந்த அன்றே, நல்ல வெளிச்சத்தில் நிழல் விழாமல் போனில் படம் எடுத்துவிடுங்கள். கூடுமானால் கடையில் ஒரு ஸ்கேனரில் வைத்துப் பிரதி எடுத்து, சாதாரணக் காகிதத்திலோ போட்டோ தாளிலோ அச்சிட்டுக்கொள்ளுங்கள்.
>
> வெப்பக் காகிதத்தை ஒருபோதும் லாமினேட் செய்யக் கொடுக்காதீர்கள். இயந்திரத்தின் சூட்டில் படம் முழுவதும் ஒரே கறுப்பாகிவிடும்.
>
> மூலப்படத்தைக் காகித உறையில், இருட்டான, சூடில்லாத இடத்தில் வையுங்கள். பசை, செல்லோ டேப் எதுவும் அதன்மேல் படலாகாது.
>
> பிரதியின் பின்புறத்தில் தேதி, எத்தனையாவது வாரம், ஊர், உடன் வந்தவர் யார் என்று எழுதுங்கள்.

### வயிற்றைப் படம் பிடித்த கதை

கருவிலுள்ள சிசுவைக் கண்ணால் காண்பது நம் தலைமுறைக்கு வாய்த்த புதுமை. கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, கப்பல்களிலும் இரும்புத் தகடுகளிலும் விரிசல் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஒலியலை முறையை மனித உடலுக்குக் கொண்டுவந்து, தம் சகாக்களுடன் 'லான்ஸெட்' பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டது 1958 ஜூன் மாதத்தில்தான். அதற்கு முன் கோடானுகோடித் தாய்மார், உள்ளே இருப்பது இன்னதென்று ஓர் உதையினாலும் ஓர் உருளலினாலும் மட்டுமே அறிந்திருந்தார்கள்.

கர்ப்பிணியின் உருவத்தைச் சித்திரமாக்குவது அதைவிடப் பழைய வழக்கம். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில், சுமார் 1595ஆம் ஆண்டில், மார்க்கஸ் கீரார்ட்ஸ் என்னும் ஓவியர் நிறைசூலியாகிய ஒரு சீமாட்டியை முத்துக்கள் பதித்த உடையில், வயிற்றின்மேல் கைவைத்த நிலையில் தீட்டிய படம் இன்றும் லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவள் பெயர் தெரியவில்லை. பிரசவத்தில் உயிர் போய்விடக்கூடும் என்ற அச்சத்தினால், அவள் முகமாவது வீட்டில் இருக்கட்டும் என்று அப்படிப்பட்ட படங்கள் வரையப்பட்டிருக்கலாம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதற்குப் பின் நானூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், 1991 ஆகஸ்டில், அமெரிக்காவில் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை நடிகை டெமி மூரின் நிறைமாதப் படத்தை அட்டையில் வெளியிட்டது. அந்தப் பத்திரிகையைச் சில கடைகளில் உறையிட்டு மறைத்து விற்றார்கள். இன்றோ மாமல்லபுரத்துக் கடற்கரையிலும் ஊட்டியின் தேயிலைச் சரிவுகளிலும், நீண்ட கவுன் காற்றில் பறக்கக் கர்ப்பிணிப் பெண்கள் கணவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வது சர்வ சாதாரணமாகிவிட்டது.

இதைக் குறை கூற எனக்கு மனமில்லை. வயிறு தெரியாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, கண் பட்டுவிடும் என்று கல்யாணக் கூட்டங்களில்கூடப் பின்வரிசையில் உட்காரவைக்கப்பட்ட தலைமுறைகளுக்குப் பிறகு, தன் உடலைத் தானே அழகென்று எண்ணி ஒரு பெண் நிமிர்ந்து நிற்பது நல்ல மாறுதலே. ஆனால் எட்டாம் மாதத்தில் பாசி பிடித்த பாறைமேல் ஏறி நிற்கச் சொல்வதும், உச்சி வெயிலில் மணிக்கணக்காக நீராகாரமின்றி நிறுத்தி வைப்பதும் நடக்கின்றன. படம் எடுப்பவர் சொல்லுகிறாரே என்று கேட்க வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில், காலை வெளிச்சத்தில், வழக்கமாக உடுத்தும் கைத்தறிப் புடைவையில், முகத்தில் உள்ள களைப்பும் தெரியும்படி எடுத்த ஒரு படம், பிற்காலத்தில் அந்தக் குழந்தைக்கு அம்மாவை அதிகமாகக் காட்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். மாதம் ஒன்றாக, ஒரே கதவின் முன்னால், ஒரே பக்கமாகத் திரும்பி நின்று எடுத்த ஒன்பது படங்களை ஒரு வீட்டுச் சுவரில் கண்டேன். கதவின் நிலையில் மாவிலைத் தோரணம் பச்சையாய் இருந்து, பழுத்து, சருகாகி, மறுபடி பச்சையாகிறது, பெண் வளர்கிறாள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

> சட்டம் தடுப்பது எதை?
>
> வெளிநாடுகளில் கேக் வெட்டியும் பலூன் உடைத்தும் சிசு ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் விழாக்களைப் பார்த்து இங்கேயும் ஆசைப்படுபவர்கள் உண்டு. பெண் சிசுக்களைக் கருவிலேயே அழித்த கொடுமையைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்டு 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கருவின் பாலினத்தைக் கண்டறிந்து எவ்வகையிலேனும் தெரிவிப்பது குற்றம். அதை நாடிச் செல்பவர்களுக்கும் முதல் முறையே மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2024ஆம் ஆண்டில் வெளிநாட்டில் சோதித்துக்கொண்டு வந்து இங்கே வீடியோவாக வெளியிட்ட ஒரு சம்பவம் பெருஞ்சர்ச்சையாகி, தமிழகச் சுகாதாரத் துறை விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஞாபகத்துக்காகக்கூட இதைச் செய்யலாகாது.

### வளையல்கள் எங்கே போயின?

வளைகாப்பைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஐந்திலோ ஏழிலோ ஒன்பதிலோ, ஒற்றைப்படை மாதத்தில் நாள் பார்த்து, முதலில் வேப்பங்காப்பைப் போட்டு, பிறகு சுமங்கலிகள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசிக் கண்ணாடி வளையல்களை அடுக்குவதும், புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் எலுமிச்சஞ்சாதமும் தயிர்ச்சாதமும் சர்க்கரைப் பொங்கலும் மணப்பதும் நாம் அறிந்தவையே. சில குடும்பங்களில் அதை ஒட்டி வரும் சீமந்தத்தில், கணவன் முள்ளம்பன்றி முள்ளினால் மனைவியின் வகிட்டைப் பிரிப்பதும், வீணை வாசிப்பவர்களைப் பாடச் சொல்வதும் கிருஹ்ய சூத்திரங்களிலிருந்து வரும் சம்பிரதாயம்.

நான் கவனித்த விசேஷம் வேறொன்று. அந்த வளையல்கள் பிரசவம் வரை கையில் இருந்து, பிரசவம் ஆனதும் பல குடும்பங்களில் மருத்துவச்சிக்குக் கொடுக்கப்பட்டுவிடும். உயிரை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தவளுக்கு, அந்த உயிர் வயிற்றுக்குள் கேட்டிருந்த ஓசையையே கழற்றிக் கொடுப்பது எவ்வளவு உயர்ந்த மரியாதை! அப்படி ஊருக்கெல்லாம் பிள்ளை எடுத்த மருத்துவச்சியின் வீட்டில் ஒரு பானை நிறைய வளையல்கள் கிடந்ததைத் தம் சிறுவயதில் பார்த்ததாக என் தாயார் சொல்லுவார்கள். ஓர் ஊரின் கர்ப்பங்கள் யாவும் ஒரு பானைக்குள் இருந்தன.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தாயும் சேயும் பிழைப்பதற்கு இதைவிட மேலான பாக்கியம் வேறில்லை. ஆனால் பிரசவ அறைக்குள் போகுமுன் வளையலைக் கழற்றி ஒரு பொட்டலத்தில் கொடுத்துவிடுகிறார்கள். அது உறவினர் கைப்பையில் கிடந்து, உடைந்து, குப்பைக்குப் போகிறது. அங்கன்வாடிகள் மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில், பிறந்த வீட்டில் செய்ய வசதியில்லாத பெண்களும் கை நிறைய வளையலோடு திரும்புகிறார்கள். அவற்றின் கதியும் பெரும்பாலும் இதுவே. ஒன்றே ஒன்றையாவது பஞ்சில் சுற்றி வைத்துவிட்டால் போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. கோயம்புத்தூரில் ஒரு வீட்டில், உடைந்த வளையல் துண்டுகளைக் கொண்டே ஒரு சட்டத்துக்குள் மயில் ஒட்டி மாட்டியிருந்தார்கள். மதுரைப் பக்கத்தில் இன்னொரு வீட்டில் வளைகாப்புப் புடைவையின் முந்தானையை வெட்டாமல் அப்படியே மடித்து, அப்போது வயிற்றில் இருந்த பெண்ணின் வளைகாப்புக்கு அணிவிக்க என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் இப்போதுதான் ஐந்தாம் வகுப்பு.

புடைவை என்றதும் தூளி நினைவுக்கு வருகிறது. பாட்டியோ அம்மாவோ உடுத்தித் துவைத்து மெதுவாகிப்போன நூல்புடைவைதான் தூளிக்கு ஏற்றது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கர்ப்பகாலத்தில் உடுத்திய புடைவையே குழந்தைக்குத் தொட்டிலாவதைவிட, வயிற்றிலிருந்து வெளியே வந்த குழந்தைக்கு நெருக்கமான இடம் எது? அதுபோலவே, விழுந்த தொப்புள்கொடியை உலரவைத்து வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து அரைஞாணில் கட்டும் வழக்கம், தாயையும் சேயையும் இணைத்திருந்த அந்த உறுப்பில் எஞ்சியதைக் காப்பாற்றும் வழியாக நம் பட்டறைகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கிராமத்து ஆசாரி ஒரு குன்றிமணி அளவு வெள்ளியில் செய்துகொடுத்தது அது.

### பேசியவர்கள் யார்?

இனி இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ் இலக்கியம் கர்ப்பத்தை மறந்ததில்லை. திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக் கிரியைக்கென்றே ஒரு பகுதி உண்டு. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கருவில் ஒவ்வொரு மாதமும் நேரும் ஆபத்துகளிலிருந்து தப்பி வந்ததை மாதக்கணக்காகச் சொல்கிறார். பட்டினத்தார் தம் தாயின் சிதைக்கு முன் நின்று, தம்மைச் சுமந்து பெற்ற பாட்டை நினைந்து பாடியவை, தாயை இழந்த எவரையும் இன்றும் கண்கலங்க வைக்கின்றன. திருச்சி மலைக்கோட்டையில் சிவபெருமானே ஒரு கர்ப்பிணிக்குத் தாயாக வந்து பிரசவம் பார்த்ததாகத் தலபுராணம்; சுகப்பிரசவம் ஆனவர்கள் தாயுமானவருக்கு வாழைத்தார் சார்த்துகிறார்கள். பாபநாசத்துக்கு அருகில் திருக்கருகாவூரில் அம்பிகைக்கே கர்ப்பரக்ஷாம்பிகை என்று திருநாமம்.

எல்லாம் உண்மை. ஆனால் இவற்றுள் பேசுவது யார்? கருவுக்குள் இருந்தவன் பேசுகிறான், பிறந்து வளர்ந்த மகன் பேசுகிறான், சுமந்தவள் பேசவில்லை. அவள் பேசியது தாலாட்டில் மட்டும், அதுவும் குழந்தை பிறந்த பின், எழுத்தில் ஏறாத குரலில். மூன்றாம் மாதத்தில் எந்த வாசனை குமட்டியது, ஐந்தாம் மாதத்தில் முதல் அசைவை எங்கே நின்றுகொண்டிருந்தபோது உணர்ந்தாள், எதற்குப் பயந்தாள், இரவில் யாரை எழுப்பினாள் என்பதையெல்லாம் அவள் கையால் எழுதிய ஏடு நம் பரணில் எதையும் நான் கண்டதில்லை. ஆகையினால், ஒரு தமிழ்ப்பெண் இன்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கித் தன் கர்ப்பத்தைத் தானே எழுதத் தொடங்குகிறாளென்றால், அவள் பொழுதுபோக்குக்காக ஏதோ செய்கிறாள் என்று எண்ணிவிடக் கூடாது. நம் மொழியில் எழுதப்படாமல் விடுபட்டுப்போன ஒரு பக்கத்தை அவள் எழுதுகிறாள்.

இங்கிலாந்தில் எலிசபெத் ஜோஸ்லின் என்ற பெண் 1622இல் கருவுற்றபோது, தான் பிழைக்கமாட்டோம் என்ற எண்ணம் மனத்தில் உறுதிப்பட, பிறர் அறியாமல் தனக்குச் சவத்துணி வாங்கி வைத்துவிட்டு, பிறக்கப்போகும் சிசுவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதத் தொடங்கினாள். பெண் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் அவள் இறந்தாள். 1624இல் அந்த எழுத்து நூலாகி, பின்பு பல பதிப்புகள் கண்டது. அந்தக் குழந்தைக்குத் தாயின் மடி கிடைக்கவில்லை. தாயின் சொல் கிடைத்தது.

ஜப்பான் தேசத்தில் இதை அரசாங்கமே செய்து கொடுக்கிறது. கர்ப்பிணிகளுக்கென்று 1942இல் தொடங்கிய கையேடு, 1948இல் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து ஒரே புத்தகமாயிற்று. கருவுற்றதைப் பதிவு செய்தவுடன் கொடுக்கப்படும் அந்தச் சிறு புத்தகத்தில், டாக்டர் எழுதும் எடையும் ரத்த அழுத்தமும் ஒருபுறமிருக்க, தாய் தன் மனநிலையை எழுதுவதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்தபின் தாய்மார் அதை அவர்களிடமே ஒப்படைப்பதும் உண்டு. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாய் சேய் நல அட்டை கொடுக்கிறார்கள். தடுப்பூசிகள் முடிந்ததும் அது எங்கே போகிறதென்று தெரிவதில்லை. அந்த அட்டையின் பின்புறத்து வெற்றிடத்தில் மாதம் இரண்டு வரி எழுதிவைத்தாலே, தனியாக ஒரு ஆல்பம் வாங்க வேண்டியதில்லை.

நோட்டு எழுதப் பொறுமையில்லாதவர்களுக்கு, நம் வீடுகளில் முன்பே இருக்கும் ஓர் உபாயத்தைச் சொல்கிறேன். என் தாயார் காலமான பிறகு அவர்களுடைய இரும்புப் பெட்டியில் சுருட்டி நூல் கட்டி வைத்த மாதக் காலண்டர் ஒன்று கிடைத்தது. நான் பிறந்த ஆண்டினுடையது. பால் நின்ற நாட்களுக்குப் பெருக்கல் குறி. சலவைக்குப் போட்ட துணிக் கணக்கு. அமாவாசைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு வட்டம், அதற்கு ஐந்து மாதம் தள்ளி ஒரு வியாழக்கிழமைக் கட்டத்துக்குள், 'அசைந்தது' என்ற ஒரே சொல். வேறு விளக்கமில்லை. அரிசி களையும்போதா, கோயில் பிரகாரத்திலா, பகலா, இரவா என்று கேட்க இனி ஆளில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லை நான் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

### குரலும் நாக்கும்

உருவத்தைவிட விரைவில் மறைவது குரல். அமெரிக்காவில் டிகாஸ்பர் என்னும் உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்த பரிசோதனைகளில், பிறந்து சில நாளே ஆன சிசு அந்நியப் பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலையே விரும்பிக் கேட்கிறது என்பது 1980இல் தெரியவந்தது. கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய் தினந்தோறும் உரக்கப் படித்த ஒரு கதையைச் சிசு பிறந்தபின் மற்றக் கதைகளிலிருந்து பிரித்து அறிந்து விரும்புகிறது என்பது 1986இல் வெளியாயிற்று. ஆகவே, ஏழாம் மாதத்துக்குப் பிறகு அம்மா எதை முணுமுணுத்தாலும் அதைக் கேட்க ஒரு செவி இருக்கிறது என்று நம்பலாம். அந்தப் பாட்டையோ கதையையோ போனில் பதிவு செய்து, தேதி சொல்லி முடித்து வையுங்கள். டாக்டரின் அறையில் கேட்கும் சிசுவின் இதய ஒலியையும், அவர் அனுமதித்தால், அரை நிமிஷம் பதிவு செய்யலாம். அம்மா பாட்டியோடு டெலிபோனில், "இன்னிக்கு ஒண்ணுமே இறங்கலேம்மா" என்று புலம்புவதைப் பதிவு செய்தாலும் அது பொக்கிஷமே.

நாக்கின் ஞாபகமும் அவ்வாறே. மசக்கையில் ஒருத்திக்கு மாங்காய், ஒருத்திக்கு நார்த்தங்காய் ஊறுகாய், ஒருத்திக்குத் திருநீறு, ஒருத்திக்குத் தெருமுனைக் கடையின் சூடான பஜ்ஜி. மண்ணும் சாம்பலும் தின்னத் தோன்றினால் அது ரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாமாகையால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மற்ற ஆசைகளை, யார் சமைத்துக் கொடுத்தார்கள் என்பதோடு சேர்த்துச் செய்முறையாக எழுதிவைத்தால், பிள்ளையின் பிறந்தநாள்தோறும் அதில் ஒன்றைச் சமைக்கலாம். மாமியார் நடுநிசியில் எழுந்து வைத்துக் கொடுத்த மிளகு ரசத்தை ஒரு மருமகள் எழுதிவைத்திருப்பதைப் பார்த்தேன். அந்த மாமியார் இன்று இல்லை, ரசம் இருக்கிறது.

> கையால் செய்பவை: கொஞ்சம் எச்சரிக்கை
>
> வயிற்று வார்ப்பு: எலும்பு முறிவுக்குக் கட்டும் மாவுக்கட்டுத் துணியை நனைத்து, தோலில் தாராளமாக வாஸ்லின் பூசியபின் வயிற்றின்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் கழற்றினால் நிறைமாத வயிற்றின் வடிவம் அப்படியே கிடைக்கும். மல்லாந்து படுக்காமல், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும். தோலில் அரிப்போ, தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். முன்கூட்டி டாக்டரைக் கேட்பது உத்தமம்.
>
> மருதாணிக் கோலம்: வயிற்றின்மேல் கோலம் வரைந்து படம் எடுப்பது அழகாகவே இருக்கிறது. வீட்டில் அரைத்த இலையே போதும். 'கறுப்பு மெஹந்தி' என்று விற்பவற்றில் தலைச்சாயத்திலுள்ள ரசாயனம் கலந்திருப்பதுண்டு, தோல் புண்ணாகும்.
>
> தகப்பனாரின் பக்கம்: ஒவ்வொரு பரிசோதனைக்கும் போன பஸ் டிக்கெட், ஆட்டோக் கூலி, காத்திருந்த நேரம் ஆகியவற்றைக் கணவர் ஒரு பக்கத்தில் எழுதட்டும். டிக்கெட்டும் வெப்பக் காகிதமே. பிரதி எடுத்து ஒட்டவும்.

### சுமைதாங்கிக் கல்

கர்ப்பத்தின் ஞாபகம் என்றால் எல்லாருக்கும் கொழுகொழு என்ற குழந்தையோடு முடியும் கதையே கண்முன் வருகிறது. அப்படி முடியாத கர்ப்பங்கள் எத்தனை வீட்டில்! நம் தேசத்தில் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. "மறந்துவிடு, அடுத்தது நல்லபடியாக வரும்" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் அன்பினாலேயே சொல்கிறார்கள். ஆனால் மறக்கச் சொல்லப்பட்ட தாய் மறப்பதில்லை.

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் நம்மைவிட நுட்பமான மனம் உடையவர்களாய் இருந்தார்கள் என்பதற்கு, பழைய சாலையோரங்களில் இன்னும் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் சாட்சி. இரண்டு கல்தூண்கள், அவற்றின்மேல் படுக்கவைத்த ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி வைக்கத் தக்க உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் நாட்டுவது அது. சுமையை இறக்கிவைக்க முடியாமலே போய்விட்டாளே என்று, வழிப்போக்கர் சுமையையெல்லாம் தாங்கும்படி அவள் பெயரால் ஒரு கல். கர்ப்பத்துக்கென்று தமிழர் எழுப்பிய ஞாபகச்சின்னங்களுள் இதற்கு நிகரானதை நான் அறியேன். சாலைகளை அகலப்படுத்தும்போது இவற்றைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். உங்கள் ஊரில் ஒன்று இருந்தால், அதில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், படம் எடுங்கள், ஊராரிடம் அவள் கதையைக் கேளுங்கள்.

மேல்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், குழந்தையை இழந்த தாயிடம் ஒரு சிறு பெட்டியைக் கொடுக்கிறார்கள். மையில் ஒற்றிய காலடித் தடம், போர்த்திய துணி, கையில் கட்டிய பெயர்ப்பட்டை ஆகியவை அதில் இருக்கும். திறந்து பார்ப்பதும் பாராததும் அவள் இஷ்டம். அக்டோபர் 15ஆம் தேதியைப் பல நாடுகளில் அத்தகைய சிசுக்களின் நினைவு நாளாக அனுசரிக்கிறார்கள். நம் நாட்டின் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் இறந்து பிறந்த சிசுவையும் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறது. சர்க்கார் ஏட்டில் ஓர் இடம் உண்டென்றால், வீட்டு ஏட்டிலும் ஒரு வரி இருக்கலாமல்லவா? ஸ்கேன் படம் ஒன்றே மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படமும் வெளுத்துப்போகும் வெப்பக் காகிதம்தான் என்பதை அவர்களுக்கு யாராவது காலத்தில் சொல்ல வேண்டும். அந்தத் தாயைக் கேட்காமல் ஃபைலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மேற்கு மாம்பலத்துப் பெண்ணின் அட்டையில், ஸ்கேன் படம் ஒட்ட வேண்டிய இடத்தில் அந்த வளையல்களைக் கட்டினார்கள். அதற்குக் கீழே எழுத விஷயம் வேண்டுமே என்று குழந்தை கேட்கக் கேட்க, அவளுடைய தாயார் ஒருமணி நேரத்துக்கு மேல் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அதில் பாதி அவள் அதுவரை யாரிடமும் சொல்லாதது.

வாசகர்களே, உங்கள் தாயார் உயிரோடிருந்தால் இன்று மாலையே அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள்: உங்களைச் சுமந்தபோது எந்த வாசனை குமட்டியது, எதற்கு ஆசைப்பட்டார்கள், யார் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், நீங்கள் முதன்முதலில் அசைந்தபோது அவர்கள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள். கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு, அவர்களிடமே ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.